தூங்குமூஞ்சியின் நாற்பத்தொரு தூக்கங்கள்

அவருக்குத் தூங்குமூஞ்சி என்று பெயர் வைத்தது பள்ளிக்கூடம். பிறவியிலேயே மேல் இமை இரண்டும் கொஞ்சம் தாழ்ந்த கண். நல்ல விழிப்பில் இருக்கும்போதும், இப்போதுதான் யாரோ உலுக்கி எழுப்பிவிட்ட மாதிரி இருப்பார். பாடம் நடக்கும்போது தூங்குகிறான் என்று எத்தனையோ முறை பெஞ்சின்மேல் ஏற்றி நிறுத்தியிருக்கிறார்கள், பாவம். இப்போது நாற்பத்தேழு வயது. மகள் கல்லூரிக்குப் போகிறாள். அந்தப் பெயர் மட்டும் போகவில்லை. டிப்போவில் சக டிரைவர்கள் அதைச் சுருக்கி 'மூஞ்சி' என்பார்கள். அவரும் திரும்பிப் பார்ப்பார். அதில் அவருக்கு ஒரு வருத்தமும் கிடையாது. இருபத்திரண்டு வருடமாகத் தொலைதூர வண்டி ஓட்டுகிறார், வண்டியில் ஒரு கீறல் விழுந்ததில்லை. அந்த டிப்போவில் இதை நெஞ்சை நிமிர்த்திச் சொல்லிக்கொள்ள வேறு ஆள் கிடையாது. அப்படிப்பட்டவர் மூஞ்சி என்று கூப்பிட்டால் கோபித்துக்கொள்வாரா என்ன?

அவருக்கு வாழ்க்கையில் எதிரி என்று யாராவது உண்டென்றால் அது போட்டோ எடுப்பவர்கள்தான். லைசென்ஸுக்குப் போனாலும், அடையாள அட்டைக்குப் போனாலும், "சார், கண்ணைத் திறங்க" என்பார்கள். "திறந்துதான்யா இருக்கு" என்பார் இவர். கல்யாணத்தன்று போட்டோக்காரன் இதையே சொல்லிச் சொல்லி உயிரை வாங்கியதில், ஆல்பம் முழுக்க மாப்பிள்ளை பேயைக் கண்டவர் மாதிரி நிற்கிறார். என்னைப் பார்த்துத்தான் அப்படி மிரண்டுபோனீர்கள் என்று மனைவி இருபது வருடமாக அதை வைத்தே அவரைக் கேலி செய்துகொண்டிருக்கிறாள். இப்படி அடிபட்டு அடிபட்டு, கேமரா என்று ஒன்றைக் கண்டால் புருவத்தை மேலே தூக்கி, மூச்சைப் பிடித்து, கண்ணை முடிந்தமட்டும் அகல விரிப்பது அவருக்குக் கைவந்த கலையாகிவிட்டது.

கேமரா டிப்போவுக்கு வந்து ஐந்து வாரம் ஆகிறது. ஸ்டியரிங்குக்குப் பின்னால், ஸ்பீடோமீட்டருக்கு மேலே, தீப்பெட்டி அளவில் ஒரு கறுப்புப் பெட்டி. சாலையைப் பார்க்க முன்கண்ணாடியில் ஏற்கெனவே வேறொன்று இருக்கிறது. இது டிரைவரை மட்டுமே பார்க்கும். ஒன்றரை விநாடிக்கு மேல் கண் மூடியிருந்தால் பஸ்ஸர் அலறும், சீட் உதறும், முன்னும் பின்னுமாகப் பத்து விநாடிப் படம் டிப்போ கம்ப்யூட்டருக்குப் போய்ச் சேரும். கூலிங் கிளாஸ் போட்டாலும் அதற்குக் கண் தெரியும் என்று டிப்போ மேனேஜர் டிரைவர்களைக் கூட்டி விளக்கினார். நமக்குத் தெரியாத ஏதோ ஒரு வெளிச்சத்தை முகத்தில் அடித்துப் பார்க்குமாம். டிரைவர்களில் ஒருவருக்கு ஹாரன் என்று பட்டப்பெயர். பேசினால் மூன்று வண்டி தள்ளி நிற்பவருக்கும் காது கிழியும். "என் பொண்டாட்டியே என் மூஞ்சிய இவ்ளோ நேரம் பாத்ததில்ல" என்று அவர் சொன்னதும் கூட்டம் கலைந்தது.

மேனேஜர் இதை விளக்கியது கேமராவை மாட்டி முடித்த பிறகுதான். அதற்கு முந்தைய நாள் நோட்டீஸ் போர்டில் ஒரு தாள் மட்டும் ஒட்டியிருந்தார்கள். டிரைவர்கள் அனைவரின் முகமும் பதிவு செய்யப்படும், காலையில் வரவும். அவ்வளவுதான் வாசகம். எதற்கு, எப்படி என்று ஒரு வரி எழுதினால் மை தீர்ந்துவிடுமா? புது அடையாள அட்டைக்குப் போட்டோ எடுக்கிறார்கள் என்று எல்லோருமே முடிவு கட்டிவிட்டார்கள். சவரம் செய்து, தலை வாரி, இஸ்திரி போட்ட சட்டையில் வந்து நின்றார்கள். கேமரா மாட்ட வந்த பையன் ஒவ்வொருவரையாக டிரைவர் சீட்டில் உட்காரவைத்து, முப்பது விநாடி இங்கே பாருங்கள் என்றான். பார்த்தார்கள். தூங்குமூஞ்சியும் பார்த்துவிட்டு இறங்கினார்.

அடுத்த நாளே ஆரம்பித்தது தலைவலி. பகல் இரண்டு மணி, எதிர்வெயில், வண்டியில் முப்பத்தைந்து பேர். எல்லோரும் சாப்பிட்ட அசதியில் சாய்ந்து கிடக்கிறார்கள். இவர் நல்ல விழிப்பில் ஓட்டிக்கொண்டிருக்கிறார், திடீரென்று பஸ்ஸர் வீறிட்டது. சீட் அவரை உதறியது. பின்னால் குழந்தைகள் அழுதன. ஒரு பெரியவர் எழுந்து வந்து, தம்பி தூக்கம் வந்தால் ஓரமாக நிறுத்துங்கள், எங்களுக்கு ஒன்றும் அவசரமில்லை என்று பக்குவமாகச் சொன்னார். தூங்கவில்லை ஐயா, வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கினேன் என்று இவர் சொன்னார். பெரியவர் நம்பியதாகத் தெரியவில்லை. இறங்கும்வரை கம்பியைப் பிடித்துக்கொண்டு பக்கத்திலேயே நின்று, தன் மூட்டுவலியில் தொடங்கி மருமகனின் வியாபாரம் வரை பேசிக்கொண்டே வந்தார்.

அதன்பிறகு தினம் ஒன்று, சில நாள் இரண்டு. தூசி பறந்தால் அலறும். சிரித்தால் அலறும், ஏனென்றால் சிரித்தால் அவருக்குக் கண் இன்னும் சின்னதாகிவிடும். அதனால் வண்டியில் சிரிப்பதை நிறுத்திவிட்டார். கண்ணை வலிய விரித்து விரித்து ஓட்டியதில் சாயங்காலம் நெற்றிப்பொட்டு தெறித்தது. ஒவ்வொரு முறை அலறும்போதும் அந்தப் பெட்டியை வாய்க்கு வந்தபடி திட்டுவார். திட்டிவிட்டு மேலே ஓட்டுவார். ஐந்து வாரத்தில் நாற்பத்தொரு முறை.

மேனேஜர் கெட்ட மனிதர் அல்ல. மாதத்துக்கு மூன்று வந்தால் டிரைவரைச் சாலையிலிருந்து எடுத்துவிட வேண்டும் என்பது விதி. இருபத்திரண்டு வருட ஆள் என்று அவரும் தன்னால் முடிந்தவரை தள்ளிப் பார்த்தார். தலைமை அலுவலகத்திலிருந்து இரண்டாவது கடிதமும் வந்தபிறகு அவராலும் ஒன்றும் செய்ய முடியவில்லை. ஒரு திங்கட்கிழமை கூப்பிட்டு உட்காரவைத்து, அடுத்த திங்களிலிருந்து நீ ஷெட் டியூட்டி என்று சொல்லிவிட்டார். சம்பளம் குறையாது. கழுவும் இடத்திலிருந்து டீசல் போடும் இடத்துக்கும், அங்கிருந்து நிறுத்தும் இடத்துக்கும் காலி வண்டியை நகர்த்திக்கொண்டிருக்க வேண்டும்.

தூங்குமூஞ்சி எழுந்து நின்றுவிட்டார். சம்பளம் யாருக்கு வேண்டும்? வண்டியில் தூங்கியவன் என்று பேராகிவிட்டால் இருபத்திரண்டு வருடமும் அதோடு போச்சு. தன் பெண்மேல் சத்தியமாக ஒரு விநாடிகூடக் கண் அயரவில்லை என்றார். மேனேஜர் கம்ப்யூட்டர் திரையை அவர் பக்கம் திருப்பினார். வரிசையாகப் படங்கள். எல்லாவற்றிலும் தாழ்ந்த இமை, தளர்ந்த கன்னம்.

"நீயே சொல்லுய்யா. இதப் பாத்து எவனாவது முழிச்சிருக்கான்னு சொல்வானா?"

தூங்குமூஞ்சியாலும் சொல்ல முடியவில்லை. தன் முகமே தனக்கு எதிராகச் சாட்சி சொன்னால் மனிதன் என்னதான் செய்வான்?

வீட்டில் மனைவி திரைச்சீலை தைத்துக்கொண்டிருந்தாள். கடைகளுக்கும் விடுதிகளுக்கும் மொத்தமாகத் தைத்துக் கொடுப்பது அவள் தொழில். விஷயத்தைக் கேட்டதும் மெஷினை நிறுத்திவிட்டாள். அன்றைக்கு அதற்குமேல் தைக்கவில்லை. மறுநாள் காலையில் அவர் வண்டி எடுத்துப் போனபிறகு, அவருக்குச் சொல்லாமலே டிப்போவுக்குப் போய் மேனேஜர் முன்னால் நின்றாள். அவர் கண்ணே அப்படித்தான் என்றாள். "கோவம் வந்தாலும் அப்படித்தாங்க இருப்பாரு. நான் திட்டிட்டே இருப்பேன், நடுவுல தூங்கிட்டாரோன்னு எனக்கே சந்தேகம் வந்துடும்." மேனேஜர் சிரித்துவிட்டார். அவள் சிரிக்கவில்லை. மிஷினைச் செய்தவர்கள் வந்து என் வீட்டுக்காரர் கண்ணை நேரில் பார்க்கட்டும், அதுவரை யாரும் யாரையும் ஷெட்டுக்கு அனுப்ப வேண்டாம் என்று கறாராகச் சொல்லிவிட்டு வந்துவிட்டாள். வாயுள்ள பெண் என்று மேனேஜர் பிற்பாடு எல்லோரிடமும் சொன்னார். ஆனால் அன்றே கேமரா கம்பெனிக்குக் கடிதம் போட்டுவிட்டார்.

வெள்ளிக்கிழமை காலை கம்பெனியிலிருந்து ஆள் வந்தது. கோட்டு சூட்டு போட்ட பெரிய மனிதர் வருவார் என்று டிரைவர்கள் எதிர்பார்த்திருக்க, முப்பது வயதுகூட ஆகாத ஒரு பெண் முதுகில் லேப்டாப் பையோடு ஆட்டோவிலிருந்து இறங்கினாள். அந்தப் பெட்டிக்குள் கண்ணை அளக்கும் பகுதியை எழுதிய நாலைந்து இன்ஜினியர்களில் அவளும் ஒருத்தியாம். மேனேஜர் அறையில் காட்டிய படங்களை அவள் பொருட்படுத்தவில்லை. அவரையும் அவர் வண்டியையும்தான் பார்க்க வேண்டும் என்றாள்.

கழுவி நிறுத்தியிருந்த வண்டியில் அவரை எப்போதும் உட்காருவதுபோல உட்காரச் சொல்லி, தான் எஞ்சின் மூடிமேல் உட்கார்ந்து லேப்டாப்பைத் திறந்தாள். திரையில் அவர் முகம் கறுப்பு வெள்ளையில் வந்தது. ஒவ்வொரு கண்ணையும் சுற்றி ஆறு பச்சைப் புள்ளிகள்: ஓரத்துக்கு ஒன்றாக இரண்டு, மேல் இமையில் இரண்டு, கீழ் இமையில் இரண்டு. அவர் தலையைத் திருப்பினால் புள்ளிகளும் ஒட்டிக்கொண்டே திரும்பின.

"நீங்க தூங்குறீங்களா முழிச்சிருக்கீங்களான்னு இதுக்குத் தெரியாதுண்ணா. மேல் புள்ளிக்கும் கீழ் புள்ளிக்கும் நடுவுல எவ்வளவு இடைவெளின்னு மட்டும்தான் தெரியும்."

அப்படியா சங்கதி என்று நினைத்துக்கொண்டார் தூங்குமூஞ்சி. ஐந்து வாரமாக இதையா திட்டிக்கொண்டிருந்தோம்? அவள் பொறுமையாகச் சொன்னாள். ஆயிரக்கணக்கான முகங்களைக் காட்டித்தான் இந்தப் புள்ளிகளை எங்கே வைப்பது என்று இதற்குப் பழக்கியிருக்கிறோம். உங்கள் கண்ணைப்போல இமை தாழ்ந்த கண்கள் அந்தப் படங்களில் குறைவு. அது எங்கள் தப்பு. ஆனாலும் ஆளுக்கு ஆள் கண் வேறு என்று தெரியும். அதனால்தான் முதல் நாள் முப்பது விநாடி பதிவு செய்கிறோம். அதில் வரும் சராசரி இடைவெளிதான் அந்த ஆளுக்கு நூறு. ஓட்டும்போது அது நாற்பதுக்குக் கீழே போய் ஒன்றரை விநாடி நின்றால், கண் மூடிவிட்டது என்று கணக்கு. திரையின் ஓரத்தில் எண் ஓடிக்கொண்டிருந்தது. அவர் வெறுமனே வெளியே பார்த்துக்கொண்டிருந்தபோது நாற்பத்திநாலு. வெயிலில் சுருக்குவதுபோலச் சுருக்கச் சொன்னாள். முப்பத்தேழு. பஸ்ஸர் அலறியது, கழுவும் இடத்தில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

"முழிச்சிருக்கும்போது நூறு வரணுமே. நாப்பத்திநாலு ஏன் வருது?" என்று தனக்குத்தானே கேட்டுக்கொண்டு, அவருடைய முதல் நாள் பதிவைத் தேடி எடுத்தாள்.

எடுத்துப் பார்த்தவள் வாயைப் பொத்திக்கொண்டாள். திரையில் தூங்குமூஞ்சி கழுத்துவரை பொத்தான் போட்டு விறைப்பாக உட்கார்ந்திருந்தார். புருவம் இரண்டும் தலைமுடியைத் தொடப் பார்த்தன. கண் இரண்டும் பிதுங்கி வெளியே வந்துவிடும் போலிருந்தன. முப்பது விநாடியும் இமைக்கவில்லை. கடைசியில் கண்ணில் நீர் கோத்து ஒரு சொட்டு கன்னத்தில் இறங்கியது. அப்போதும் ஆள் அசையவில்லை. ஏன் அண்ணா இப்படிப் பார்த்தீர்கள் என்று அவள் கேட்டாள். போட்டோ என்று நினைத்தேன் என்றார். சொல்லும்போதே அவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்ததும் கண் சிறுத்து பஸ்ஸர் மறுபடி அலறியது. அதைக் கேட்டு இருவரும் இன்னும் சிரித்தார்கள். ஐந்து வாரத்துக்குப் பிறகு அந்த சீட்டில் உட்கார்ந்து அவர் வாய்விட்டுச் சிரித்தது அப்போதுதான்.

மற்ற டிரைவர்களின் பதிவுகளையும் திறந்து பார்த்தாள். அத்தனை பேரும் அடையாள அட்டை முகத்தோடுதான் உட்கார்ந்திருந்தார்கள். ஹாரன் தொந்தியைக்கூட உள்ளே இழுத்துக்கொண்டிருந்தார். கண் பெரிதாக உள்ளவர்களுக்கு ஓட்டும்போது எண்பது எண்பத்தைந்து வந்துகொண்டிருந்ததால் யாருக்கும் தெரியவில்லை. இவருக்கு மட்டும் நாற்பதுக்கு மேல் கையிருப்பே இல்லாமல் போய்விட்டது. தன் நோட்டில் அவள் எழுதிக்கொண்டாள்: ஆளை உட்காரவைத்துப் பதிவு செய்யக் கூடாது, ஓட்டவிட்டுப் பதிவு செய்ய வேண்டும். நோட்டீஸில் இன்னொரு வரி எழுதியிருக்கலாம் என்று இவர் சொன்னதையும் எழுதிக்கொண்டாள்.

டிப்போவை மூன்று சுற்று சுற்றச் சொல்லி, சுற்றும்போது அவருடைய மகளின் படிப்பைப் பற்றிக் கேட்டாள். பெண்ணைப் பற்றிப் பேச்செடுத்தால் அவருக்கு உலகமே மறந்துவிடும். கேமராவா நினைவிருக்கப் போகிறது? அந்தப் பதிவை வைத்துப் புது நூறு போட்டாள். வெளியே பார்த்தால் தொண்ணூற்றெட்டு. சிரித்தால் எழுபத்தைந்து. கண்ணை மூடினால் ஆறு, அப்போது மட்டும் பஸ்ஸர். தூங்குமூஞ்சிக்கு அந்தப் பெண்ணைக் கையெடுத்துக் கும்பிடலாம் போலிருந்தது.

மிச்சமிருந்தது பழைய நாற்பத்தொன்று. படங்கள் எல்லாம் டிப்போ கம்ப்யூட்டரில் பத்திரமாக இருந்தன. புது அளவை வைத்து ஒவ்வொன்றையும் திரும்ப அளந்துவிட்டால் எது தூக்கம், எது வெயில் என்று தெரிந்துவிடும் என்றாள். மேனேஜர் அறையில் கூட்டம் கூடிவிட்டது. வரிசையாக நாற்பத்தொரு சிவப்புக் கோடு. அவள் ஒரு பொத்தானைத் தட்டியதும் மேலிருந்து ஒவ்வொன்றாகப் பச்சையாக மாறத் தொடங்கின. ஹாரன் ஏலம் போடுபவர் மாதிரி எண்ணினார். பத்து, பதினைந்து, இருபத்தெட்டு. முப்பது தாண்டியதும் யாரோ தூங்குமூஞ்சியின் தோளைப் பிடித்துக் குலுக்கினார்கள். நாற்பது வந்தது. அதோடு நின்றுவிட்டது. நடுவில், பதினேழாவது கோடு மட்டும் சிவப்பாகவே இருந்தது.

மிஷின் சிக்கிக்கொண்டது, இன்னொரு தட்டு தட்டுங்கள் என்றார் ஹாரன். அவள் தட்டினாள். மறுபடி சிவப்பு. இரண்டாவது வாரத்து வியாழக்கிழமை, பகல் இரண்டு நாற்பது. கொஞ்சம் தயங்கிவிட்டு அந்தப் படத்தை ஓடவிட்டாள்.

முன்பு பார்த்த படங்களில் அவருக்கே தன் முகம் தூங்குவதுபோலத் தெரிந்தது. இதைப் பார்த்தபிறகுதான் வித்தியாசம் புரிந்தது. முதல் மூன்று விநாடி நன்றாகத்தான் இருந்தார். பிறகு ஒரு இமைப்பு, நீளமாக. இன்னொன்று, அதைவிட நீளமாக. அப்புறம் இமை இறங்கியது, ஏறவில்லை. கை ஸ்டியரிங்கில் இருந்தது, தலை நேராக இருந்தது, முகத்தில் ஒரு நிம்மதிகூட இருந்தது. பஸ்ஸர் அடித்தது. கண் திறந்தது. திறந்த உடனேயே உதடுகள் அசைந்தன, பெட்டியைத் திட்டிக்கொண்டிருந்தார்.

அவள் அளவைப் பார்த்தாள். எண்பது கிலோமீட்டர் வேகம், இரண்டு புள்ளி ஆறு விநாடி. ஐம்பத்தெட்டு மீட்டர் வண்டி தானாகப் போயிருக்கிறது. அதே நேரத்தில் முன்கண்ணாடிக் கேமரா எடுத்ததையும் போடச் சொன்னார் தூங்குமூஞ்சி. வேண்டாமே அண்ணா என்றாள். போடுங்கள் என்றார். சாலையோரம் ஒருவர் காரை நிறுத்தி, குத்துக்காலிட்டு உட்கார்ந்து டயர் மாற்றிக்கொண்டிருந்தார். பக்கத்தில் ஒரு சின்னப் பெண் ஸ்பேனரைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். வண்டி மெல்ல இடப்பக்கம் சாய்ந்து ஓரத்து வெள்ளைக் கோட்டின்மேல் ஏறியது. பிறகு விலகி நேராகியது. டயர் மாற்றுபவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

முதலில் மேனேஜர்தான் வாயைத் திறந்தார். ஒன்று வந்தால் வாய்மொழி எச்சரிக்கை, அதோடு சரி என்றார். நாற்பது தப்பு நடந்த இடத்தில் இதையும் சந்தேகம் என்று குறித்துவிடலாமே என்று இன்ஜினியரைப் பார்த்தார். திங்கட்கிழமை காலை வண்டி உன்னுடையது, போய் நிம்மதியாகச் சாப்பிடு என்று தூங்குமூஞ்சியிடம் சொன்னார். ஹாரன் அவர் முதுகில் தட்டினார். ஐந்து வாரமாக எதைக் கேட்டுக்கொண்டிருந்தாரோ அது அவர் கைக்கு வந்துவிட்டது. இப்போது வாயை மூடிக்கொண்டு எழுந்து வந்திருக்க வேண்டியதுதானே? எழுந்திருக்கவில்லை.

"சந்தேகம்னு எழுதாதீங்கம்மா. தூங்கினான்னே எழுதுங்க" என்றார்.

பிறகு மேனேஜரிடம், டாக்டர் பார்த்துச் சொல்லும்வரை பயணிகள் வண்டி எடுக்க மாட்டேன், ஷெட்டிலேயே இருக்கிறேன் என்றார். மேனேஜருக்குக் கோபம் வந்துவிட்டது. திங்கட்கிழமைக்கு வேறு ஆள் இல்லை, ஜெயித்த பிறகு தோற்கிறேன் என்று அடம்பிடிக்கிறாயே, உனக்கென்ன பைத்தியமா என்று சத்தம் போட்டார். ஒரே ஒரு தடவைதானே என்று ஹாரனும் சேர்ந்துகொண்டார்.

"எனக்குத் தெரியலய்யா. அதான் விஷயம். அன்னைக்கும் நான் முழிச்சிட்டுதான் இருந்தேன்னு என் பொண்ணுமேல சத்தியம் பண்ணேன். மனசார நம்பித்தான் பண்ணேன்."

இன்ஜினியர் பெண் அறிக்கையில் அவர் சொன்னபடியே எழுதி, வாசித்தும் காட்டினாள்.

அவர் வீட்டுக்கு வந்தபோது சாயங்காலம் ஐந்து மணி. செய்தி அவருக்கு முன்னால் வந்துவிட்டிருந்தது. நாற்பது பச்சை என்று ஹாரன் போனிலேயே ஊதிவிட்டிருந்தார். மீதி ஒன்றைச் சொல்லாமல் விட்டது அவருடைய நல்ல மனசு. மனைவி பக்கத்து வீடுகளுக்கெல்லாம் சொல்லி முடித்து, வாசலிலேயே நின்றுகொண்டிருந்தாள். நான் போய்ச் சத்தம் போட்டதால்தானே நடந்தது என்று முகமெல்லாம் பூரிப்பு. தைத்துக்கொண்டிருந்த திரைச்சீலையை நாற்காலியிலிருந்து எடுத்து அவரை உட்காரவைத்து, டீ கொண்டுவந்து கொடுத்தாள். அவர் டீயைக் கீழே வைத்துவிட்டு, நாற்பதுதான் பச்சை, மிச்சம் ஒன்று சிவப்பு என்றார். பிறகு நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னார். நீளமான இமைப்பு, ஐம்பத்தெட்டு மீட்டர், டயர் மாற்றிய ஆள், ஸ்பேனரோடு நின்ற குழந்தை, திங்கட்கிழமை வண்டி வேண்டாம் என்று சொன்னது, எல்லாம்.

வழக்கமாக என்றால் அவள் பாதியிலேயே வக்கீல் மாதிரி மடக்கியிருப்பாள். ஒன்று யாருக்குத்தான் வராது, விதியே விட்டுவிடும்போது உங்களுக்கென்ன என்று ஆரம்பித்திருப்பாள். அவரும் அதை எதிர்பார்த்துத்தான் உட்கார்ந்திருந்தார். இன்று அவள் மெஷின் முன்னால் போய் உட்கார்ந்து, துணியை ஊசிக்கடியில் வைத்து, தைக்காமல் அப்படியே இருந்தாள்.

"வண்டில எத்தனை பேர் இருந்தாங்க?" என்று கேட்டாள்.

முப்பத்தெட்டு என்றார்.

அவள் அழ ஆரம்பித்தாள். எதற்கு இப்போது அழுகிறாய், யாருக்கும் ஒன்றும் ஆகவில்லையே, நான்தான் டாக்டரைப் பார்க்கிறேன் என்று சொல்லிவிட்டேனே என்று அவர் எழுந்து பக்கத்தில் போனார். அவள் அவர் முகத்தைப் பார்க்காமல் துணியைப் பார்த்துக்கொண்டே பேசினாள்.

"ராத்திரில உங்களுக்கு மூச்சு நின்னு நின்னு வருதுங்க. குறட்டை விட்டுட்டே இருப்பீங்க, திடீர்னு சத்தமே இருக்காது. நான் இடிச்சாத்தான் திரும்ப வரும். மூணு வருஷமா இப்படித்தான்."

அவருக்குச் சட்டென்று விளங்கவில்லை. மூன்று வருடமாகவா என்று கேட்டார். ஒரு இரவில் இருபது தடவைகூட ஆகும் என்றாள். அவர் மூச்சு வருகிறதா என்று கேட்டுக்கொண்டே படுத்திருப்பாளாம். விடிந்தால் இருவரும் எழுந்து வேலைக்குப் போய்விடுவார்கள். பகலில் நாற்காலியில் உட்கார்ந்தால் அவர் அசந்துவிடுவதையும் பார்த்திருக்கிறாள். அது உங்கள் முகராசி என்று கேலி செய்து மழுப்பியிருக்கிறாள். டிப்போவில் போய் அவர் கண்ணே அப்படித்தான் என்று அடித்துப் பேசியவள் இவள். பேசியது பொய்யுமில்லை.

"ஏன் எங்கிட்ட சொல்லல?"

"சொன்னா நீங்க டாக்டர்கிட்ட போவீங்க. அவரு வண்டி ஓட்டக் கூடாதுன்னு எழுதிக் குடுப்பாரு. வண்டிய எடுத்துட்டா நீங்க நீங்களா இருக்க மாட்டீங்கன்னு பயந்துட்டேன்."

அவருக்குக் கோபம் வந்தது, உண்மையான கோபம். அடுத்த நிமிடமே அது எங்கே போயிற்று என்று தெரியவில்லை. மூன்று வருடமாக இவள் ஒரு இரவுகூட முழுதாகத் தூங்கியிருக்க மாட்டாள் என்று அப்போதுதான் உறைத்தது. அவளுடைய கண்ணைப் பார்த்தார். கீழே கறுத்து, ஓரம் சிவந்து, ரொம்ப நாளாகவே அப்படித்தான் இருந்திருக்கிறது. இத்தனை நாளும் அது தையல் வேலையால் என்றே நினைத்துக்கொண்டிருந்தார்.

ஸ்டூலை இழுத்துப்போட்டு அவளுக்கு எதிரே உட்கார்ந்தார்.

"நாளைக்கு டாக்டர்கிட்ட நீயும் வா" என்றார். "எனக்கு எதுவும் தெரியாது. நீதான் சொல்லணும்."

"சொல்றேன்" என்றாள் அவள்.